தோள்பட்டை வலியா? கை எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

நீலகிரியில் தோளுக்கு வேலை அதிகம். தேயிலைத் தோட்டம் சரிவில் இருப்பதால் மேல்பக்கத்துச் செடி நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். கத்தரியைத் தூக்கிப் பிடித்தேதான் வெட்ட வேண்டும். வெட்டிய கொழுந்தை முதுகில் தொங்கும் சாக்கில் போடக் கையைத் தோளுக்கு மேல் வீச வேண்டும். கேத்திப் பக்கம் கேரட் மூட்டை ஏற்றுபவர்கள், 16 லிட்டர் டேங்கை மாட்டிக்கொண்டு மருந்து தெளிப்பவர்கள், கவாத்து வெட்டுபவர்கள், விறகுக் கட்டோடு ஏறி வருபவர்கள் என்று எல்லோருக்கும் தோள்தான் சோறு போடுகிறது. மழைக்காலத்தில் வழுக்கி விழுவது இதற்கு மேல்.

வலி வந்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றே. தைலத்தைத் தேய்த்து, கையைப் பிடித்து நீவி, ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். தசைப் பிடிப்புக்கு அது கொஞ்சம் இதம் தரலாம். மூட்டு நழுவியிருந்தாலோ எலும்பு உடைந்திருந்தாலோ அதே இழுப்பு நரம்பையும் ரத்தக்குழாயையும் காயப்படுத்தும். தோளில் வருகிற கோளாறுகள் பல. ஒன்றுக்கு ஓய்வு வேண்டும், இன்னொன்றுக்கு அசைவு வேண்டும், மூன்றாவதற்குத் தாமதிக்காமல் அறுவை டாக்டர் வேண்டும். பிசியோதெரபி பார்ப்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது, தொடுவதற்கு முன் எது என்று பிரித்துப் பாருங்கள் என்பதுதான்.

இவை இருந்தால் சோதனை வேண்டாம், உடனே கிளம்புங்கள்

மேட்டில் ஏறும்போது இடது தோளும் கையும் கனத்து வலிக்கிறது, நின்றால் அடங்குகிறது என்றால் அதைத் தோள் நோய் என்று நினைக்காதீர்கள். கையை எப்படி ஆட்டினாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூடவே வியர்வை, மூச்சு வாங்குதல், நெஞ்சில் அழுத்தம், தாடை வலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி வரலாம். மலையில் தினமும் படி ஏறுகிறவர்கள் இதை "மூட்டை தூக்கின வலி" என்று தள்ளிப்போடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது தோளின் பின்பக்கம் வலித்து, வயிற்றின் வலது மேல்பகுதியிலும் வலி இருந்தால் பித்தப்பையைப் பார்க்க வேண்டும். வண்டி விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோ வயிற்றில் அடிபட்டு, அப்புறம் இடது தோள் நுனி வலித்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசியலாம். அதுவும் அவசரம். காய்ச்சலோடு தோள் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டால் மூட்டுக்குள் சீழ் கட்டியிருக்கலாம். அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விழுந்தவர் அல்லாத மற்றவர்கள் செய்ய வேண்டிய சோதனை

நேராக நில்லுங்கள். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். எந்த இடத்தில் வலிக்கிறது, எங்கே நின்றுபோகிறது என்று கவனியுங்கள். அப்புறம் கையை முழுக்கத் தளர்த்திவிட்டு, வீட்டில் ஒருவரை அதே கையைத் தாங்கித் தூக்கச் சொல்லுங்கள். மெதுவாகத்தான், வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். கடைசியாக, முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். மற்ற கையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. அகல் விளக்கின் மேல் எலுமிச்சம்பழத்தை வைத்தது போல மேல்கை எலும்பின் உருண்டைத் தலை அதில் உட்கார்ந்திருக்கிறது. அது நழுவாமல் பிடித்துக்கொள்வது நான்கு சிறு தசைகளும், எலும்போடு அவற்றை இணைக்கும் தசைநாண்களும். அந்த நாண்களைத்தான் பேச்சில் ஜவ்வு என்கிறோம். சுற்றிலும் ஒரு உறை இருக்கிறது. உறை இறுகினால் யார் தூக்கினாலும் கை போகாது. நாண் கிழிந்தால் தானாகப் போகாது, பிறர் தூக்கினால் போகும். நாண் நசுங்கி வீங்கியிருந்தால் கை முழுக்கப் போகும், வழியில் ஓரிடத்தில் மட்டும் வலிக்கும். மேலே சொன்ன சோதனையின் மூன்று விடைகளும் இவைதான்.

கை மேலே போகிறது, நடுவழியில் மட்டும் சுருக்கென்கிறது

கை ஏறத்தாழ 60 டிகிரியில் வலிக்கத் தொடங்கி, 120 டிகிரியைத் தாண்டியதும் வலி குறைந்துவிடும். முடியை முடிய, சட்டை மாட்ட, மேல் அலமாரியில் டப்பா எடுக்கச் சிரமம். அந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் கலையும். வலி தோளின் வெளிப்பக்கத்தில், மேல்கையின் நடுவரை தெரியும். அதனால் பலர் கையில்தான் கோளாறு என்று நினைத்து அங்கே தேய்க்கிறார்கள்.

கொழுந்து பறிப்பவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். தோள் கூரை எலும்புக்கும் மேல்கை எலும்பின் தலைக்கும் நடுவே உள்ள குறுகிய சந்தில் தசைநாணும், அதை வழுவழுப்பாக வைக்கும் நீர்ப்பையும் இருக்கின்றன. கையைத் தோளுக்கு மேல் திரும்பத் திரும்ப வீசும்போது நாண் தேய்ந்து, எரிச்சலடைந்து, வீங்குகிறது. முதுகுச் சாக்கின் கனத்தில் தோள் முன்னால் வளைந்துவிட்டால் சந்துக்குள் நெருக்கம் இன்னும் கூடும்.

இதற்குக் கையைக் கட்டித் தொங்கவிட வேண்டாம். வலிக்கிற உயரத்தை மட்டும் சில வாரங்களுக்குத் தவிர்க்க வேண்டும். தோட்டத்தில் உடனே மாற்றக்கூடியவை சில உண்டு. மொட்டைக் கத்தரியால் வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் தோள் கூடுதலாக இழுக்கும், ஆகவே காலையிலேயே சாணை பிடித்துவிடுங்கள். மேல்பக்கத்துச் செடியைக் கீழே நின்று எட்டி வெட்டுவதைவிட, வரிசையில் ஏறி நின்று இடுப்பு உயரத்தில் வெட்டப் பாருங்கள். கொழுந்தை வீசிப் போடும் கையை இடையிடையே மாற்றுங்கள். சாக்கு முழுக்க நிரம்பும்வரை சுமக்காமல் பாதியிலேயே இறக்கினால் நடை கூடும்தான், தோள் தப்பிக்கும். கங்காணியோ சூப்பர்வைசரோ இதைப் படித்தால், வலி உள்ளவருக்குச் சில வாரம் நாற்றங்கால் வேலையோ களை எடுக்கும் வேலையோ கொடுங்கள். அப்படிச் செய்தால் அவர் முழு வேலைக்குச் சீக்கிரம் திரும்புவார்.

பயிற்சியில் முதலாவது, இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இரண்டாவது, முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் மடித்த துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கதவில் கட்டிய ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது. பழைய டூவீலர் ட்யூபை நீளமாக வெட்டினாலும் போதும். லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலைவரை வலி நீடித்தால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இரண்டாவது வாரமே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

தானாகத் தூக்க முடியவில்லை, பிறர் தூக்கினால் போகிறது

பிறர் தூக்கிவிட்ட கையை அந்த உயரத்தில் பிடித்து நிறுத்தவும் முடியாமல் தொப்பென்று விழுந்தால், நாண் நன்றாகக் கிழிந்திருக்கலாம். நான்கில் அதிகம் கிழிவது மூட்டின் மேலே ஓடுகிற நாண். வயது ஏற ஏற அது தானாகவே நைந்துபோகும். 60 வயதைத் தாண்டியவர்களில் கிழிசல் இருந்தும் வலியே தெரியாதவர்கள் உண்டு. ஸ்கேனில் கிழிசல் தெரிந்தாலே அறுவை என்று பயப்பட வேண்டாம். பலருக்குப் பயிற்சியிலேயே கை திரும்ப வேலைக்கு வந்துவிடுகிறது.

அதற்கு மாறான நிலை ஒன்று இருக்கிறது. நேற்றுவரை நன்றாக இருந்த கை, மூட்டையைத் தூக்கும்போதோ விழும்போதோ "பட்" என்று ஏதோ அறுந்தது போலாகி, அன்றிலிருந்து எழும்பவே இல்லை. இதில் காத்திருக்கக் கூடாது. அறுந்த நாண் உள்ளே சுருங்கிக்கொண்டே போகும், தசை கொழுப்பாக மாறும், அப்புறம் தைத்தாலும் பிடிப்பது கடினம். சில வாரங்களுக்குள் எலும்பு டாக்டரைப் பார்த்தாக வேண்டும். கேரட் அறுவடை முடியட்டும், ஒரு போகம் போகட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டு வந்தால், தைக்கிற வாய்ப்பே கைவிட்டுப் போகலாம்.

யார் தூக்கினாலும் கை போகவில்லை

முன்கை வெளிப்பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது, முதுகுக்குப் பின்னால் கை போகவில்லை, ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. இது உறை இறுகிய தோள், டாக்டர்கள் ஃப்ரோசன் ஷோல்டர் என்பார்கள். 40 முதல் 60 வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. அடிபடாமலே வரும். சுகர் உள்ளவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். சுகர் இருப்பதே தெரியாமல் தோளுக்காக வந்து, ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கப்படுபவர்களும் உண்டு. ஆகவே இந்த அறிகுறியோடு வருகிற எவரையும் சுகர் பார்க்கச் சொல்லி அனுப்புவேன்.

பனிக்காலத்தில் குளிரால்தான் தோள் இறுகிவிட்டது என்று இங்கே நம்புகிறார்கள். குளிரில் தசை விறைத்து வலி கூடுதலாகத் தெரியும், அது உண்மை. ஆனால் உறையை இறுக்குவது குளிர் அல்ல. உறையில் அழற்சி வந்து, பிறகு அது தடித்துச் சுருங்குவதுதான் காரணம்.

நோய் மூன்று கட்டமாகப் போகும். முதலில் சில மாதங்கள் கடும் வலி, குறிப்பாக ராத்திரியில். அப்புறம் வலி தணிந்து இறுக்கம் மட்டும் நிற்கும். கடைசியில் மெல்ல மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்று முதல் மூன்று வருடம்கூட ஆகலாம். கட்டத்தைப் பார்த்துத்தான் சிகிச்சை. வலி கடுமையாக இருக்கும்போது யாராவது கையை முறுக்கி ஏற்றினால் அழற்சி இன்னும் எகிறும். அந்தக் கட்டத்தில் வலியைக் குறைப்பதுதான் வேலை. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவது ஆரம்பத்தில் நல்ல பலன் தரும். சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறும், அதை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வீட்டில் செய்ய எளிதானது ஊசல் பயிற்சி. அமெரிக்க அறுவை மருத்துவர் காட்மனின் பெயரில் வழங்கும் பயிற்சி இது. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டி அது தானாகச் சிறு வட்டம் போடும்படி செய்யுங்கள். வலி குறைந்த பிறகு சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, படுத்துக்கொண்டு நல்ல கையால் ஒரு குச்சியைத் தள்ளி இந்தக் கையை வெளிப்பக்கம் திருப்புவது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டுச் செய்தால் சுலபம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. தூரத்து ஹட்டியிலோ எஸ்டேட் லைன் வீட்டிலோ இருப்பவர்கள் உங்கள் பகுதிச் சுகாதார நர்ஸிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ கை வெளிப்பக்கம் திரும்பாமல் போனால் அது இறுக்கம் அல்ல. மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் இது தப்பிவிடும், பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். வலிப்பு வந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

விழுந்த பிறகு தோள் வடிவம் மாறிவிட்டது

வழுக்கும்போது கையை ஊன்றி விழுவோம். தோளின் உருண்டை வளைவு போய்ச் சதுரமாகத் தெரிந்தால், கையை உடம்போடு ஒட்டவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் பிடித்துக்கொண்டு நின்றால், மூட்டு நழுவிவிட்டது. உடம்பிலேயே அதிகம் நழுவும் பெரிய மூட்டு இதுதான், பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும். யாரும் இழுக்கக் கூடாது, எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும். எலும்பும் சேர்ந்து உடைந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. கை எந்த நிலையில் நிற்கிறதோ அப்படியே, கைக்கும் விலாவுக்கும் நடுவே தலையணையோ சுருட்டிய கம்பளியோ வைத்து, துண்டால் கட்டித் தாங்குங்கள். மலைப் பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் இந்த வலியைக் கிளறும், ஆகவே தாங்கல் முக்கியம். மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் டீகூட வேண்டாம். தோளின் வெளிப்பக்கத்தில் ஒரு திட்டு மரத்திருந்தாலோ விரல்கள் வெளுத்துச் சில்லென்று இருந்தாலோ போன உடனே சொல்லிவிடுங்கள். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ குன்னூர் அரசு லாலி மருத்துவமனைக்கோ, எது பக்கமோ அங்கே போங்கள்.

இளவயதில் நழுவியது மறுபடி நழுவும் வாய்ப்பு மிக அதிகம், மூட்டைச் சரியாக உட்கார வைத்ததோடு முடித்துக்கொள்ளாமல் பயிற்சி கட்டாயம் வேண்டும். 40 வயதுக்கு மேல் நழுவினால் நாணும் சேர்ந்து கிழிந்திருக்கலாம். கட்டை அவிழ்த்த பிறகும் கை எழும்பவில்லை என்றால் ஸ்கேன் கேளுங்கள்.

கழுத்துக்குக் கீழே குறுக்கே ஓடும் காறை எலும்பின் நடுவில் புடைப்பும் வலியும் இருந்தால் அது முறிவு. பெரும்பாலும் தொங்குகட்டிலேயே சேர்ந்துவிடும், பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரம், குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. எலும்பு முனை தோலைக் குத்தி வெளுக்க வைத்தால் அவசரம். தோளின் உச்சியில் மட்டும் ஒரு மேடு தெரிந்து, கையை எதிர்த் தோளுக்குக் கொண்டுபோனால் அங்கே வலித்தால், காறை எலும்பு தோள் எலும்போடு சேரும் சிறு மூட்டு விலகியிருக்கிறது. தோள் நேராகத் தரையில் மோதினால் இப்படி ஆகும்.

வயதான அம்மாக்கள் முற்றத்துப் பாசியில் விழுந்தால் மேல்கை எலும்பின் கழுத்துப் பகுதி உடைவது சகஜம். இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தக்கட்டு முழங்கைவரை கருநீலமாக இறங்கி வீட்டாரைப் பயமுறுத்தும். அது இறங்குவது இயல்புதான், ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் இருக்கக் கூடாது. இவர்களுக்குத் தொங்குகட்டு நீண்டால் தோள் இறுகிவிடும். டாக்டர் அசைக்கச் சொன்ன அன்றே ஊசல் பயிற்சியைத் தொடங்குங்கள்.

மேல்கையில் திடீரென்று ஒரு உருண்டை

பாரம் தூக்கும்போது தோளின் முன்பக்கம் சத்தம் கேட்டு, கையை மடக்கினால் தசை முழங்கைப் பக்கம் உருண்டு இறங்கியிருந்தால், மேல்கைத் தசையின் நீண்ட நாண் அறுந்திருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரியாகும். மற்ற நாண்கள் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை போகிறது

விரல்களில் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி, கழுத்தைத் திருப்பினால் வலி கூடுகிறது, கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் இதமாக இருக்கிறது. இது கழுத்தில் நரம்பு அழுந்துவதால் வருவது. தோளில் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தலைச்சுமைக்காரர்களுக்கும், நெற்றிப் பட்டையில் பாரம் தொங்கவிடுபவர்களுக்கும் கழுத்துதான் விலை கொடுக்கிறது. சுமையை நிறுத்துவது முதல் மருந்து. பிடிப்பு பலம் குறைந்தாலோ நடை தடுமாறினாலோ தள்ளிப்போடாதீர்கள்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று உண்டு. டேங்கின் பட்டை தோளில் நாள் முழுக்க அழுத்தினால், தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் தசையின் நரம்பு நசுங்கலாம். சுவரில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளினால் ஒரு பக்கத்து எலும்பு மட்டும் முதுகில் புடைத்து எழும். பட்டையை ஓரமாக மாட்டாமல், அகலமான பஞ்சு வைத்து, இடுப்புக் கட்டும் சேர்த்துப் போடுங்கள். பெரும்பாலும் மாதக்கணக்கில் தானாகத் தேறும்.

ஒத்தடம், மாத்திரை, வேலைக்குத் திரும்புதல்

புதிதாக அடிபட்டு வீங்கினால் முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். குளிரில் யார் ஐஸ் வைப்பார்கள் என்று தோன்றினால் வெறும் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியே போதும், மலைத் தண்ணீர் அவ்வளவு சில்லிப்பு. பழைய வலிக்கும் இறுக்கத்துக்கும் வெந்நீர். வலி மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, பிரஷர் உள்ளவர்களுக்கு அது கெடுதல். ராத்திரி நல்ல பக்கம் படுத்து, வலிக்கிற கையை முன்னால் ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

கையை முழுக்கத் தூக்க முடிகிறது, ராத்திரி வலி எழுப்புவதில்லை, தண்ணீர்க் குடத்தை இடுப்பு உயரம்வரை தூக்கினால் மறுநாள் வலி இல்லை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் வேலைக்குப் போகலாம். முதல் வாரம் பாதி பாரம், அடுத்த வாரம் முக்கால். மூட்டையைத் தரையிலிருந்து தோளுக்கு ஒரே வீச்சில் ஏற்றாமல், இடுப்பு உயரத் திண்டில் வைத்து அங்கிருந்து ஏற்றுங்கள், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஆறு வாரமாகியும் வலி குறையாமல் இருந்தால் எக்ஸ்ரேயும் பழைய சீட்டுகளும் கையோடு எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போங்கள். நீங்களாகத் தூக்கினால் கை எங்கே நிற்கிறது, பிறர் தூக்கினால் எங்கே நிற்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள்.